மேற்படி நிலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பின்னால் ட்ரக்டர் வந்து நின்ற அந்தக் காலை இன்னும் என் காதில் இருக்கிறது. காதில் என்றுதான் சொல்ல வேண்டும். பனிமூட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ட்ரக்டர் பெட்டியின் பின்கதவை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு மண்வெட்டி இறங்குகிற சத்தம். எங்கள் பக்கத்து நிலத்தில் மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டு 'ணங்' என்று கேட்கும். அன்றைக்கு ஒரு 'ணங்' கூட இல்லை. அவ்வளவு மெத்தென்ற மண் அது.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்பே பாக்கியம் அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். லயத்தின் கோடிக் காம்பரா, கடைசி வீடு, அவருடையது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகக் கிளம்பியவர், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டியபடி, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். நான்கு ஆட்கள் கறுத்த மண்ணை அள்ளி அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நால்வரும் எங்கள் டிவிசன் ஆட்கள்தான். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மேல்மலையில் நின்று குரல் கொடுத்தால் கீழ் லயத்தில் கேட்கும், அப்படிப்பட்ட தொண்டை அவருக்கு. ஆனால் அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"முருகேசு, அந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் பாத்து வெட்டுப்பா. பீன்ஸ் பூ விட்டிருக்கு."

முருகேசு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "எல்லாத்தையும் அள்ளச் சொல்லிட்டாங்கக்கா."

"எல்லாத்தையுமா?"

"ஒரு முழ ஆழத்துக்கு."

அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்து அடியில் கிடந்த தூளைத் தட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அந்த மண் போனதற்குக் காரணம் நான். இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். இதை எழுதாமல் தாண்டிப் போனால், இத்தனை வாரமாக நான் இந்தப் பத்தியில் எழுதியதற்கெல்லாம் என்ன மரியாதை?

சுத்தம் தெரியாதவர்கள்

போன வாரம் எங்கள் லயத்துச் சாக்கடைக் காண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்து மக்களுக்குச் சுத்தம் என்றால் என்னவென்று யாராவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா?"

ஐயா, சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் லயத்தில் முன்பக்கம் பன்னிரண்டு, பின்பக்கம் பன்னிரண்டு, ஆக இருபத்துநான்கு காம்பரா. இருபத்துநான்கு குடும்பத்துக் குப்பைக்கு ஒரு தொட்டி கிடையாது, ஒரு வண்டி கிடையாது. டவுனில் வீட்டு வாசலில் லொறி மணியடிக்கும். எங்களுக்கு ஓடைதான் லொறி. மரக்கறித் தோல், மீன் செதிள், பிஸ்கட் உறை, ஷொப்பிங் பேக், பிள்ளைகளுக்குக் கட்டுகிற பேம்பர்ஸ் எல்லாம் ஓடைக்குத்தான் போகும். ஓடை கீழே போய் அடுத்த டிவிசன்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நிற்கும். அவர்கள் எங்களைத் திட்டுவார்கள். மேல் டிவிசன்காரர்களை நாங்கள் திட்டுவோம். சீசன் நேரத்தில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் வேனை நிறுத்திவிட்டு எங்கள் மேல் ரோட்டிலிருந்து சோற்றுப் பார்சலை வீசுவார்கள். அவர்களை யாரும் திட்டுவதில்லை.

இதில் சிரிக்கிற மாதிரி ஒன்றும் உண்டு. குப்பைக்கு நாய் வரும். நாய்க்குப் புலி வரும். சிறுத்தை என்று பேப்பரில் போடுவார்கள், எங்களுக்கு அது புலிதான். ஒரு மாசி மாதம் ஏழு நாயைத் தூக்கிக்கொண்டு போனது. ஓடைப் பக்கம் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பாதியில் ஓடிவந்தார்கள். அன்றைக்குக் கொழுந்து குறைந்ததற்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான், போட்டார்கள். புலி வந்ததும் எங்கள் தப்பு. சரி, இதில் எங்கே சிரிப்பு என்று கேட்காதீர்கள். நாங்கள் அன்றைக்குச் சிரித்தோம்.

மூன்று நாள் படிப்பு

நான் கொழுந்து பறித்தவள் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. அதனால் பெரியவர்கள் முதல் சின்னதுகள் வரை எல்லாருக்கும் நான் 'சரோசா மிஸ்'. கொஞ்சம் படித்தவள், நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவள் என்ற பெயர் வேறு. அந்தப் பெயர்தான் பின்னால் எல்லாரையும் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

ஹட்டனில் மூன்று நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். வீட்டுக் குப்பையைப் பிரிப்பது, மக்குவதை மக்கவைப்பது, மக்காததைக் கழுவிக் காயவைத்துப் பழைய சாமான் வாங்குகிற போத்தல்காரனுக்குக் கொடுப்பது. மூன்றாம் நாள் ஒரு பெண் அதிகாரி குப்பை மக்கி ஆன ஒரு பிடி கூட்டெருவை என் கையில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மழை பெய்து விட்ட காட்டு வாசனை. மரக்கறித் தோல் இப்படி ஆகுமா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கையைத் துடைக்காமல் வந்தேன். அப்படி ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

லயத்தில் வந்து சொன்னபோது முதலில் எதிர்த்தவர் பாக்கியம் அக்காதான்.

கொழும்பு வீட்டு வாளி

அக்கா பதினைந்து வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவர். பதினெட்டு வருடம் அங்கே இருந்தார். அந்த வீட்டில் இரண்டு வாளி. ஒன்றில் ஈரக் குப்பை, மற்றதில் காய்ந்தது. ஒருநாள் ஒரு யோகட் கப் தவறி ஈர வாளிக்குள் போய்விட்டது. மாநகரசபை லொறிக்காரன் பையை எடுக்காமல் கேட் வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்கார அம்மா அக்காவை ரோட்டில் உட்காரவைத்து, பையைப் பிரித்து, கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார். மீன் குடல், கோழி எலும்பு எல்லாம். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்களாம்.

"அந்த நாத்தம் மூணு நாளு நகத்துல இருந்துச்சு சரோசா," என்றார். "கல்யாணம் கட்டி, இவ பொறந்தப்ப ஒன்னே ஒன்னுதான் நெனச்சேன். எம்மக அடுத்தவங்க வீட்டுக் குப்பைய தொடக் கூடாது. நீ என்னடான்னா இங்கயே கொண்டாந்து சொல்லிக் குடுக்கிற."

'இவ' என்பது தர்ஷினி. அப்போது அவளுக்குப் பத்து வயதிருக்கும். ஒரே பிள்ளை. கட்டட வேலைக்கென்று போன தகப்பன் பிறகு திரும்பி வரவேயில்லை. அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே பிடிவாதம், தர்ஷினி படித்து ஏதாவது ஒரு ஆபீசில் கதிரையில் உட்கார வேண்டும் என்பதுதான்.

நான் சொன்னேன்: "இது அடுத்தவங்க குப்பை இல்லக்கா. ஒங்க வீட்டுக் குப்பை. மக்கி மண்ணாச்சுன்னா அந்த மண்ணு ஒங்களுக்குத்தான். யாரும் வந்து கேக்க முடியாது."

"முடியாதா?"

"முடியாதுக்கா."

எவ்வளவு தைரியம் எனக்கு!

கூடு

முதலில் குழி வெட்டினோம். பயிற்சியில் அப்படித்தான் காட்டினார்கள். ஒரு மழைக்குக் குழி குளமாகி நாறியது. பயிற்சி கொடுத்தவர்களுக்கு எங்கள் மழையைத் தெரியாது. அக்காதான் வந்து பார்த்துவிட்டு, "மேல கட்டுடி, கீழ தோண்டாத," என்றார். சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் பிளாச்சு பின்னி, தரைக்கு மேல் கூடு கட்டினோம். அடியில் மானாப்புல், மேலே மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும், அதற்கு மேல் மாட்டுச் சாணம், ஒரு கை அடுப்புச் சாம்பல். மறுபடி புல். எங்கள் குளிருக்கு எதுவும் சீக்கிரம் மக்காது. ஐந்து மாதம் ஆகும். பொறுமை வேண்டும்.

பொறுமை தர்ஷினிக்கு இருந்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பாள். தண்ணீர் சொட்டினால் காய்ந்த புல் போடுவாள், உதிர்ந்தால் கழுநீர் ஊற்றுவாள். காம்பரா காம்பராவாகப் போய், "எலுமிச்சந் தோல அள்ளிக் கொட்டாதீங்க மாமி, புழு செத்துப் போகும்," என்று சத்தம் போடுவாள். மாமிமார் அவளைக் 'குப்பை இன்ஸ்பெக்டர்' என்று கேலி செய்வார்கள். அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு நிலம். தேயிலைக்கு ஆகாது என்று தோட்டம் கைவிட்ட கல்லு பூமி. எங்கள் அம்மாமார் காலத்திலிருந்து அதில் ஏதோ கொஞ்சம் கீரை போடுவார்கள், வராது. அந்த நிலத்தில்தான் ஒவ்வொரு ஐந்து மாதமும் கூடு கூடாகக் கொட்டினோம். கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டினோம். பொறுக்கிய கல்லை அடுக்கினால் இன்னொரு லயமே கட்டியிருக்கலாம்.

மூன்றாம் வருடம் லீக்ஸ் வந்தது. பிறகு பீன்ஸ், கரட், கோவா. ஓடையில் குப்பை குறைந்தது, நாய் குறைந்தது, புலி வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. பிள்ளைக் காம்பராவில் வயிற்றோட்டம் என்று தூக்கிக்கொண்டு வருகிற குழந்தைகள் குறைந்தார்கள். இதெல்லாம் நான் கண்ணால் கண்ட பலன். குப்பையைப் பிரிப்பதால் என்ன நன்மை என்று என்னிடம் யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

அக்காவின் பாத்திதான் எல்லாவற்றிலும் பெரிது. டவுனில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் வாரம் தவறாமல் அவருடைய பீன்ஸை எடுத்துக்கொள்வார். தர்ஷினி உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போய் வந்ததும், டியூஷன் போனதும், சப்பாத்துப் போட்டதும் அந்தப் பீன்ஸில்தான். கொழுந்துச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே போதவில்லை.

ஒரு பிடி மண்

பிறகு அந்த வருடம் வந்தது. அரசாங்கத் தடையால் இரசாயன உரம் திடீரென்று நின்றுபோன வருடம். நாடே உரத்துக்கு அலைந்தது. தேயிலை மஞ்சளாக நின்றது. வலப்பனைப் பக்கம் மரக்கறி போட்ட என் சித்தப்பா மகன், கரட் விரல் அளவுகூட வரவில்லை என்று போனில் அழுதான்.

எங்கள் பின்பக்கம் மட்டும் பச்சை.

தோட்டத்து மனேஜரான பெரியதுரை அதைப் பார்க்க நேரில் வந்தார். சிங்களவர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார், மரியாதையானவர். இப்போதும் அதை நான் மறுக்கவில்லை. பாத்திக்குள் சப்பாத்து வைக்காமல் ஓரமாகக் குந்தி, ஒரு பிடி மண் எடுத்துப் பிழிந்து, முகர்ந்து பார்த்தார். கூட வந்த, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைப் பார்த்து ஏதோ சொன்னார். எங்களைப் பார்த்து, "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க," என்றார்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. துரை வந்து குந்தி உட்கார்ந்து பாராட்டிவிட்டுப் போனால் லயம் இரண்டு வாரம் அதையே பேசும். அவர் போகும்போது அந்தப் பிடி மண்ணைக் கீழே போடாமல் ஒரு கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நல்ல தமிழில் ஒரு கடிதம்

அடுத்த வருடம், சுத்தமான லயத்துக்குப் பரிசு என்று ஒரு போட்டி. விண்ணப்பத்தில் லயத்தின் பெயர், குடும்பங்களின் எண்ணிக்கை, செய்த வேலை, இரண்டு படம். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். நிலம் யாருடையது என்று ஒரு கேள்வியும் இல்லை.

நான்தான் கெடுத்தேன்.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். எதற்கும் கேட்போம். சமைக்கிற குசினிக்கு ஒரு தகரம் போடக் கேட்போம். மாட்டுக் கொட்டில் கட்டக் கேட்போம். கல்யாணப் பந்தலுக்குக் கால் நடக் கேட்போம். செத்தவரைப் புதைக்க இடம் கேட்டுத்தான் புதைப்போம். நாலு தலைமுறை இந்த மலையில் இருந்தும், ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிற உடம்பு இது. கேட்காமல் செய்தால் சோறு இறங்காது.

விண்ணப்பத்தோடு துரைக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் முறையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. நானாகவே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை நல்ல தமிழையும் அதில் கொட்டினேன். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்:

'தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தமான மேற்படி நிலத்தில், வீட்டுக் கழிவுகளை மீள்சுழற்சி செய்து தற்காலிகமாகப் பயிரிட அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம். நிர்வாகம் எப்பொழுது கேட்பினும் மேற்படி நிலத்தை மறுப்பின்றி ஒப்படைப்போம் என உறுதி கூறுகிறோம்.'

கடைசி வாக்கியத்தை எதற்கு எழுதினேன்? கடிதம் திடுக்கென்று முடிந்ததுபோல் இருந்தது. ஒரு நிறைவுக்காக எழுதினேன். வேறு காரணம் கிடையாது, சத்தியமாகக் கிடையாது.

கையெழுத்து வாங்கப் போனபோது அக்கா மட்டும் கேட்டார். "இத எதுக்கு எழுதணும் சரோசா? நம்ம அம்மாமாரு காலத்துல இருந்து அங்கதான் கீரை போடுறோம். யாரும் ஏன்னு கேக்கலையே. நாம எதுக்குப் போயி கேக்கணும்?"

"முறைன்னு ஒன்னு இருக்குல்லக்கா."

"நீ படிச்ச புள்ள," என்றார். முதல் கையெழுத்து அவருடையதுதான். எழுத்துக்கூட்டி மெதுவாகப் போட்டார்.

பரிசு கிடைத்தது. சான்றிதழைச் சட்டம் போட்டுத் தோட்ட ஆபீசில் மாட்டினார்கள். எங்கள் லயத்தில் அதை மாட்டச் சுவர் நன்றாக இல்லை என்று சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினோம்.

இது உங்க எழுத்துத்தானே மிஸ்?

ட்ரக்டர் வந்த நாளன்று, தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு ஆறு பெண்கள் ஆபீசுக்குப் போனோம். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்கப் போகிறார்களாம். கன்று வளர்க்கிற மேடைக்குப் பைகளில் நிரப்ப நல்ல மண் வேண்டும். தோட்டம் முழுக்கத் தேடி, எங்கள் மண்தான் நல்ல மண் என்று முடிவாகியிருக்கிறது.

தலைவர் நன்றாகவே பேசினார். "ஐயா, அது கைவிட்ட நெலம். நாப்பது அம்பது வருசமா இவங்கதான் பாத்துக்கிட்டு வர்றாங்க. அந்த மண்ணு தோட்டத்து மண்ணு இல்ல. அவங்க வீட்டுக் குப்பைய போட்டு அவங்க செஞ்ச மண்ணு. தோட்டம் ஒரு நாளும் அத ஏதுன்னு கேட்டதில்ல. அது அவங்களுக்கு உரிமையான எடம்."

துரை பொறுமையாகக் கேட்டார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கோவையை எடுத்தார். கடிதத்தைத் தலைவரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"இது உங்க எழுத்துத்தானே மிஸ்?"

"ஆமாங்க ஐயா."

"தமிழ்ல எழுதினது எனக்கு வாசிக்க ஏலாது. நீங்களே கொஞ்சம் வாசிச்சு சொல்லுங்க."

வாசித்தேன். மற்றப் பெண்களும் தலைவரும் நிற்க, என் அழகான தமிழை நானே வாசித்தேன். 'மறுப்பின்றி' என்ற இடத்தில் நிறுத்தினேன். துரை காத்திருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தார்.

வெளியே வந்ததும் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "யாரு ஒங்கள கேக்கச் சொன்னா மிஸ்? கேக்காம இருந்திருந்தா அவங்க என்னத்த காட்டியிருப்பாங்க? ஒரு துண்டுக் கடதாசி இல்லாம நின்னாங்க. எழுதி நீங்கதான குடுத்திருக்கீங்க!"

அக்கா படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அன்றைக்கு அரைப்பேராவது கிடைக்கட்டும் என்று போனார்.

பை நிரப்புகிற வேலை

மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பத்துப் பெண்களைக் கன்று மேடைக்கு அனுப்பினார்கள். கறுப்புப் பொலித்தீன் பைகளில் மண் நிரப்புகிற வேலை. பத்துப் பேரில் அக்காவும் ஒருவர். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை.

போனார். தன் மண்ணைத் தானே சலித்து, தானே பைபையாக நிரப்பி அடுக்கினார். எட்டு நாள் அந்த வேலை நடந்தது.

எட்டாம் நாள் பின்னேரம் தண்ணீர்ப் பீலியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கண்டாக்கையா பாராட்டுனாரு," என்றார், என்னைப் பார்க்காமல். "ஒரு கல்லு இல்லையாம். ஒரு பிளாஸ்டிக் துண்டு இல்லையாம். யாரு இப்படிச் சுத்தமா பிரிச்சதுன்னு கேட்டாரு."



மண்ணுக்குப் பதிலாக வேறு இடம் தருவதாக ஆபீசில் சொன்னார்கள். தந்தார்கள். ஓடையோரம், மண்வெட்டி போட்டால் பொறி பறக்கிற இடம். "நீங்கதான் மண்ணு செய்யிறதுல கெட்டிக்காரங்க," என்று கண்டாக்கையா சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். பறிபோன மண் ஆக ஏழு வருடம் பிடித்தது. தர்ஷினியின் பரீட்சைக்கு இருந்தது எட்டு மாதம்.

பீன்ஸ் இல்லை. டியூஷன் முதலில் நின்றது. பிறகு பஸ்ஸுக்கு இல்லாத நாட்களில் பள்ளிக்கூடம் நின்றது. நான் என்னிடம் இருந்ததைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேணாம் சரோசா," என்றார் அக்கா. "நீ குடுத்த வரைக்கும் போதும்."

அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடந்து அறுக்கிறது. நியாயமான சொல்.

சித்திரை முடிந்து தர்ஷினி கொழும்புக்குப் போனாள். ஒரு வீட்டுக்கு. தெரிந்தவர்கள் மூலமாகத்தான் போனாள், நல்ல வீடு என்றார்கள். அக்கா தானே போகிறேன் என்று கேட்டுப்பார்த்திருக்கிறார். முழங்கால் வலிக்காரியை யார் கேட்கிறார்கள்? பஸ் ஏற்றிவிட அக்கா மட்டும் போனார். என்னை வரச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் லயத்தில் இப்போது யாரும் குப்பை பிரிப்பதில்லை. எல்லாம் பழையபடி ஓடைக்குப் போகிறது. நாய்கள் வந்துவிட்டன. வாசகர் ஐயா, சுத்தம் தெரியாதவர்கள் என்று நீங்கள் கேட்டவர்கள் இவர்கள்தான். இவர்களிடம் போய் மறுபடி பிரிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. உங்களுக்கு இருந்தால் வந்து சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தண்ணீர் எடுக்கக் கோடிக் காம்பராவைத் தாண்டிப் போனேன். அக்கா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் தர்ஷினியின் குரல் கேட்டது. சந்தோசமாகத்தான் இருந்தது.

"அம்மா, இந்த வீட்டம்மா என்னைய ரொம்ப பாராட்டுனாங்கம்மா. இதுக்கு முன்னுக்கு வந்த ஒருத்தருக்கும் ஒழுங்கா குப்பை பிரிக்கத் தெரியலையாம். நான் வந்த அன்னைக்கே சரியா பிரிச்சேனாம். எங்க படிச்சேன்னு கேக்குறாங்க."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பல மாதம் கழித்து நேராகப் பார்த்தார். போனை நீட்டினார்.

"இந்தா. எங்க படிச்சான்னு நீயே சொல்லு."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாங்கினேன். வாங்காமல் இருக்க முடியவில்லை.

"மிஸ்ஸா? நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்றாள் பிள்ளை. "ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். நம்ம வீட்டுல தேங்காச் செரட்டைய அடுப்புல போட்டுருவோம். இங்க வெறகடுப்பு இல்ல மிஸ். செரட்டைய எந்த வாளியில போடுறது?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.